கொல்லையில் நிற்கிற தண்ணீர்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ நாற்றுப்பண்ணையில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறாய் என்று என் பெரிய மகளுக்கு ஒரே கவலை.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நீ சொல்லி நட்ட எலுமிச்சை ஐந்தும் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தேன், வேர் கறுத்து நாறுகிறது. மழை விட்டு மூன்று நாளாகியும் கொல்லை குளமாகக் கிடக்கிறது. மண்ணே சரியில்லை போல. மணல் கொட்டலாமா?

உன் தம்பி

ஜூன் 15

என் செல்லத் தம்பிக்கு,

மணலைக் கொட்டிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். களிமண்ணில் மணல் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். மக்கிய எருவைப் போடு. ஈர மண்ணை மிதிக்காதே, உன் எடையை அது தாங்காது.

முதலில் மேல்கோடி, நடு, கீழ்க்கோடி என்று மூன்று இடத்தில் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்று. வடிந்ததும் மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பார்த்து எழுது. பிறகு கீழ்க்கோடி வழியாக ஓடைக்கு வாய்க்கால் வெட்டிவிடலாம்.

அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன். கீழ்ப்பாதி என் பங்கு. அங்கேயே ஒரு அறை போட்டுக்கொண்டு, செடி வளர்த்து விற்றுப் பிழைத்துக்கொள்வேன். உன் பெண்டாட்டிக்கு நாத்தனார் தொல்லை இருக்காது.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே மூன்று குழி, இருபதடிக்கு ஒன்றாகத் தோண்டினேன். மேல்கோடியில் மூன்று விரல் இறங்கியது. நடுவில் ஒரு விரல். கீழ்க்கோடிக் குழியில் நான் ஊற்றவே இல்லை, பக்கவாட்டிலிருந்து தானாக ஊறி நிரம்பிவிட்டது. அங்கே பாறை தட்டுகிறது அக்கா, வாய்க்கால் வெட்ட முடியாது. வேறு வழி சொல்.

உன் தம்பி

ஜூலை 12

தம்பிக்கு,

கொல்லை எண்பது அடி. மேல்கோடியில் தொடங்கி இருபதடிக்கு ஒன்றாக மூன்று குழி தோண்டினால் நாற்பதில் நிற்பாய். மிச்ச நாற்பது எங்கே? அங்கே பாறையும் கிடையாது, நானே கொத்தின மண். தண்ணீர் திரும்பி ஊறுகிறது என்றால் எதுவோ மறிக்கிறது. சுவரா? யார் சுவர்? உடனே எழுது.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கீழ்ப்பாதியைப் போன வருஷமே பக்கத்து வீட்டுத் தச்சருக்கு விற்றுவிட்டேன். பட்டறை கட்டிவிட்டார். பெரியவள் படிப்புக்கு வேறு வழி தெரியவில்லை. வரி கட்ட நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போனாயே, அந்த வெற்றுத் தாள்களில் ஒன்றில் நீ விற்கச் சம்மதித்ததாக எழுதிக்கொண்டேன். நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று நினைத்தோம். கேட்டிருந்தால் நீயே கொடுத்திருப்பாய்.

உன் தம்பி

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

இரண்டு மாதமாக, மதியம் சாப்பிடுகிற நேரத்தில்கூட உன் வாய்க்காலுக்கு எவ்வளவு சரிவு வேண்டும் என்று வரைந்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவர்களிடம் என் கொல்லை என்று காட்டினேன். நீயோ மண்ணைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாய். மண் என்ன பாவம் செய்தது?

உன் பாதிக்கு வழி சொல்கிறேன். சுவரை ஒட்டி வெட்டாதே, தச்சரின் அஸ்திவாரம் இறங்கிவிடும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மூன்றடி தள்ளி, இரண்டடி ஆழத்துக்கு வெட்டி, துளை போட்ட குழாயைச் சரளைக்குள் பதித்து, பக்கத்துச் சந்து வழியாக ஓடைக்கு விடு. செடியை ஓரடி உயரப் பாத்தியில் வை. இந்தத் தடவை பிழைக்கும்.

பெரியவளிடம் ஒன்றும் சொல்லாதே, படிக்கட்டும். நான் வேலையில் இன்னும் ஐந்து வருஷம் நீட்டித்துத் தரக் கேட்டிருக்கிறேன். வந்து நிற்க எனக்கு அங்கே இடம் இல்லை.

மிச்சத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடு. இந்தக் கடிதத்தின் அடியில் என் கையெழுத்து இருக்காது. தேடாதே.