எலி புகாத ட்ரெய்லர்

2006 மார்ச் 25, சனி

குளிர் விட்டது என்று நம்பி இன்று ட்ரெய்லரைத் திறந்தோம். போன செப்டம்பரில் பக்கத்துத் தெருப் பெரியவரிடம் வாங்கியது. மடித்தால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பி, இரண்டு பக்கமும் கட்டில் நீண்டு, துணிச் சுவரோடு ஒரு வீடு. ஆசைப்பட்டது நான்தான். இவர் ‘உம்’ கொட்டியதோடு சரி.

கூரை ஒரு முழம் ஏறியதுமே அந்துருண்டை நாற்றம் மூக்கில் அறைந்தது. அதுவும் என் கைவண்ணமே. எலி, பூச்சி வரக்கூடாது என்று பீரோவுக்குப் போடுகிற மாதிரி மெத்தைக்கு மெத்தை, மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டு மூடியிருந்தேன். பீரோவுக்குள் யாரும் படுத்துத் தூங்குவதில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

பூச்சி வரவில்லை. எலி வந்திருக்கிறது! மெத்தையைத் தூக்கினால் பஞ்சைப் பிய்த்து அழகாக ஒரு கூடு. கூட்டை ஒட்டியே ஓர் அந்துருண்டை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. சின்னச் சாம்பல் எலி ஒன்று என் கையைத் தாண்டிக் குதித்து இவர் செருப்பின் மேல் ஓடியது. வங்கியில் ஒரு டீமையே மேய்க்கிற மனுஷன், என் கணவர் பாசில், அடுத்த நொடி கார் பானட் மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

“இட்ஸ் ஜஸ்ட் எ மவுஸ், அத்தா,” என்றாள் அஸ்ஃபியா. எங்கள் ஒரே மகள், பதின்மூன்று வயது, எதற்கும் பயமில்லை.

“பத்ரு, இன்னொரு எலி என் கண்ல பட்டுச்சுன்னா இது இந்த வீட்ல இருக்காது. சொல்லிட்டேன்.” பானட் மேலிருந்தபடியே சொன்னார்.

மார்ச் 26, ஞாயிறு

கையுறை, முகமூடி. எலிப்புழுக்கையை அப்படியே பெருக்கக் கூடாது, தூசி பறந்து நெஞ்சுக்குள் போகும் — ப்ளீச் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, பேப்பரால் துடைத்து எடுத்தேன். வேலையில் நான் செய்வதும் இதுதானே. மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரைக்குள் தூசி தும்பு போகாமல் பார்க்கிறவள் வீட்டில் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. கூட வேலை பார்க்கிற வசந்தாமணியிடம் சொன்னால் லேப் முழுக்கச் சிரிக்கும். சொல்லப்போவதில்லை.

மார்ச் 27, திங்கள்

சொல்லிவிட்டேன். சிரித்தார்கள்.

ஏப்ரல் 8, சனி

மெத்தையை வெயிலில் போட்டாயிற்று. கான்வாஸை வினிகர் தண்ணீரால் துடைத்தாயிற்று. இன்னும் நாற்றம் போகவில்லை. இவர் பெரிய மனது பண்ணி உள்ளே உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்தார். தும்மல் ஆரம்பித்தது, டீ பாதி சட்டையில். மே மாதம் போவதாக இருந்த பயணம் தள்ளிப்போகிறது.

எதற்கு இந்தப் பாடு? நானே கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து லீவு என்றால் யார் வீட்டுக்காவது போவோம், இல்லையென்றால் யாராவது நம் வீட்டுக்கு வருவார்கள். போனால் அவர்கள் அடுப்படியில் நிற்பேன், வந்தால் என் அடுப்படியில் நிற்பேன். மோட்டலில் இவர் போர்வையை முகர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியிலேயே தூங்குவார். இதில் எங்கள் மெத்தை, எங்கள் சட்டி, எங்கள் ஹலால் கோழி. ஜிப்பை இழுத்து மூடிவிட்டால் தலையில் துணி இல்லாமல் காலை நீட்டிக்கொண்டு மழை பெய்வதைக் கேட்கலாம். எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 22, சனி

இன்று நல்ல வேலை நடந்தது. எலி எந்த வழியாக வந்தது என்று தெரியாமல் என்ன போட்டு என்ன பிரயோஜனம்? பென்சில் நுழைகிற ஓட்டை போதுமாம் அதற்கு. அதனால் ஒரு யோசனை பண்ணினேன். நான் உள்ளே உட்கார்ந்துகொள்ள, அஸ்ஃபியா கூரையை இறக்கினாள். கும்மிருட்டு. வெளியே நல்ல வெயில். ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரிந்துதானே ஆகணும்?

தெரிந்தது. சக்கரத்துக்கு மேலே ஒன்று, கேஸ் குழாய் நுழைகிற இடத்தில் ஒன்று, கதவோரம் நீளமாக ஒரு கீறல். அடிப்பக்கம் மட்டும் நிழலில் இருந்தது, ஒன்றும் புலப்படவில்லை. யாராவது கீழே படுத்து டார்ச் அடிக்க வேண்டும். அஸ்ஃபியா கைப்பிடியை விட முடியாது.

அப்புறம் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போடுகிற சத்தம். “எலி இருந்தா முன்னாடியே சொல்லிடு பத்ரு,” என்று கீழேயிருந்து இவர் குரல்! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் ஒரு பக்கம். இருட்டில் இருந்ததால் இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

எல்லா ஓட்டையிலும் ஸ்டீல் உல் திணித்தேன். சாம்பல் நிறக் கம்பிப் பஞ்சு, எலியால் கடிக்க முடியாது. அதன் மேல் சிலிக்கான் பசை.

மே 14, ஞாயிறு

ட்ரெய்லருக்கு மேலே ஓக் மரம் பூவை நூல் நூலாகக் கொட்டுகிறது. கூரை மடிப்பில் எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கிறது, நனைந்தால் பூஞ்சணம் வரும். பெருக்கித் திரும்புவதற்குள் மறுபடியும். ஃப்ரிட்ஜின் காற்று ஓட்டையில் குளவி கூடு கட்டப் பார்த்தது. கொசுவலைத் துண்டு வைத்து அடைத்தேன்.

அந்துருண்டை நாற்றம் குறைந்திருக்கிறது. இல்லை, என் மூக்கு பழகிவிட்டதா?

ஜூன் 10, சனி

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை!

சந்தானம் — இவரோடு ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கிறவர் — பெண்டாட்டியோடு வந்து ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். நானும் ஏதோ ஆசைக்குப் பார்க்கிறார்கள் என்று கூரையை ஏற்றிக் காட்டி, டீ போட்டுக் கொடுத்தால், “எப்ப கொடுக்கிறதா இருக்கீங்க?” என்று கேட்கிறார் அவர்.

அவர்கள் போனதும் பிடித்தேன். “யாரைக் கேட்டு விக்கிறீங்க? மூணு மாசமா முட்டி தேய அதுக்குள்ளயே கிடக்கேன், உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“சும்மா பேச்சு வாக்குல சொன்னேம்மா. அவன் சீரியஸா எடுத்துக்கிட்டான்.”

“எலி வரலையே!”

“வந்தா?”

வந்தா? கடைசியில் ஒப்பந்தம்: ஜூலை நாலு லீவில் ஒரு முறை போய் வருவது. எலி வந்தால் சந்தானத்துக்கு. வராவிட்டால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. “எலின்னா எலி மட்டும்தான். எறும்பெல்லாம் கணக்கில்ல,” என்றேன். ஒத்துக்கொண்டார்.

ஜூலை 1, சனி

தெற்கே பைன் காடு. வந்துவிட்டோம். உண்மையாகவே வந்துவிட்டோம்! சாப்பாட்டுச் சாமான் எதுவும் ட்ரெய்லருக்குள் வரக் கூடாது என்பது என் சட்டம் — எல்லாம் காரில். செருப்பு வாசலிலேயே. எறும்பு ஏறாமல் இருக்க நாலு தாங்குகாலைச் சுற்றியும் மஞ்சள்தூளால் கோடு போட்டேன். பக்கத்து ட்ரெய்லர் அம்மாள் வந்து, இது உங்கள் மதச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டாள். அஸ்ஃபியா தலையில் கைவைத்துக்கொண்டு காருக்குள் போய்விட்டாள்.

மழை வரவில்லை. பரவாயில்லை. காலை நீட்டிப் படுத்திருக்கிறேன்.

ஜூலை 3, திங்கள்

நேற்று ராத்திரி பிரியாணி. இன்று சட்டியைத் தேய்க்கலாம் என்றால் கம்பி ஸ்க்ரப்பரைக் காணோம். வாங்கிப் பிரிக்காத புதுசு, பளபளவென்று இருந்தது. அஸ்ஃபியா எங்காவது போட்டிருப்பாள் என்று திட்டினேன். “நான் எடுக்கலம்மா,” என்று வழக்கத்துக்கு மாறாகத் தமிழில் சொன்னாள். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன்.

இன்னொரு அதிசயம். விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தால் இவர் எனக்கு முன்னாலேயே எழுந்து, சின்க் பக்கம் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகி இவர் கையில் துணியைப் பார்ப்பது முதல் தடவை. “பைன் ஊசி கிடந்துச்சு,” என்றார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். புழுக்கம் என்றார்.

மூன்று பேரும் புல்லில் பாய் விரித்துத் தொழுதோம். குருவிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

இப்போது மழை. கான்வாஸ் மேல் படபடவென்று. எழுத்து வேண்டாம், கேட்கிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

சந்தானம் போன் பண்ணினார். இவர் ஹாலில் நின்று பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது: “இல்லடா, கொடுக்கிற ஐடியா இல்ல. எலியா? எலி கிலி ஒண்ணும் வரல.”

ஜெயித்துவிட்டேன்! ஏப்ரலில் அடைத்த அடைப்பு சாமானியப்பட்டதா? இன்றைக்கு இவருக்குப் பிடித்த இறால் தொக்கு.

செப்டம்பர் 3, ஞாயிறு

இரண்டாவது பயணமும் முடிந்தது. ஈரத்தோடு மடிக்கக் கூடாது, ஊசி இலை உள்ளே இருந்தால் கான்வாஸைத் தேய்த்து ஓட்டை போடும் என்று அஸ்ஃபியாவுக்கு இவர் கிளாஸ் எடுக்கிறார். எல்லாம் நான் சொன்னதுதான்.

நவம்பர் 4, சனி

பெருநாள் கலகலப்பு எல்லாம் ஓய்ந்து, பனிக்காலத்துக்கு மூடி வைக்கிற வேலை. இந்த முறை அந்துருண்டை இல்லை. மெத்தைகளை எடுத்து வீட்டுக்குள் வைத்தாயிற்று. அப்புறம் ஒவ்வோர் ஓட்டையாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சின்க்குக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் — நான் ஏப்ரலில் பார்க்காத ஓட்டை ஒன்று. அதில் நான் திணிக்காத அடைப்பு ஒன்று. சாம்பல் ஸ்டீல் உல் இல்லை. பளபளவென்று, பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர். பக்கத்து மூலையில், துடைத்ததில் தப்பிய பழைய எலிப்புழுக்கை கொஞ்சம்.

அஸ்ஃபியா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் ஸ்க்ரப்பரைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஓக் மரத்தைப் பார்த்தாள். “அத்தா மேட் மீ ப்ராமிஸ்,” என்றாள்.

எலியைக் கண்டால் கார் மேல் ஏறுகிற மனுஷன். தனியாகத் துரத்தியிருக்கிறார். அன்று பைன் காட்டில், நான் எழுந்திருப்பதற்குள்.

அதை எடுக்கவில்லை. அப்படியே விட்டு, மேலே சிலிக்கான் பசை பூசினேன். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

சாப்பிடும்போது இவரே ஆரம்பித்தார். “அடுத்த வருஷம் மே மாசமே போலாமா பத்ரு? அந்துருண்டை வாசனைதான் இருக்காதே.”

போகலாம். நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஸ்க்ரப்பர் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று சட்டி தேய்க்க. ஒன்று இவருக்கு.