காரில் மூன்றாவது ஆள் இல்லை

தரங்கம்பாடி
18.2.2025, செவ்வாய்

அன்பு மகள் எல்சிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நீயும் மாப்பிள்ளை ராஜராஜனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி வானதிக்கு என் முத்தம்.

போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். நீயும் எழுதியே அனுப்பு. வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடாதே, அது ஊரையே கூட்டிவிடும்.

காலை ஏழு மணிக்குக் கீழ்வேளூரிலிருந்து கிளம்பினோம். நாகூர் தாண்டும்வரை ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் என்றால் மாடு கன்றைப் பார்க்கிற காளியம்மாள் நடுவில் இருக்கிறாள். "காளியம்மா, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு" என்பேன் நான். "காளியம்மா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்பார் அவர். அவளும் சலிக்காமல் சொல்லிவிடுவாள். காரில் யார் இருக்கிறார்கள்? நாற்பதாவது கல்யாண நாளுக்கு என்று ஊர் ஊராக அறை பதிவு செய்து கொடுத்தாயே, இதை யோசித்தாயா?

காரைக்காலில் மேப் போட்டேன். அதில் ஒரு பெண் பேசுகிறாளே, நல்ல வேளையாக அவள் வந்து சேர்ந்தாள். "ஏம்மா, பக்கத்துல உக்காந்திருக்கவங்க டீ குடிப்பாங்களான்னு கேளு" என்றார் அவளிடம். நானும் அவளிடமே, "குடிப்பாங்க, சர்க்கரை கம்மியா" என்றேன். அவள் முந்நூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பச் சொன்னாள்.

டீ நன்றாக இருந்தது.

அம்மா ரோஸ்லின்

*

கும்பகோணம்
19.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்தும்போது படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அகிலாண்டம் டீச்சர் எந்தப் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

யோசித்துத்தான் செய்தேன் அம்மா. நடுவில் யாரும் இல்லாமல் ஆறு நாள் இருந்தால் வேறு வழியில்லாமல் பேசிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அங்கேயும் ஒருத்தியைப் பிடித்துவிட்டீர்கள்.

வரும் மே மாதம் வந்தால் ஒன்பது வருஷம். மாதா கோயிலில் நடக்காத கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அப்பா சொன்னார். நீங்கள் மட்டும் வந்தீர்கள். அன்றைக்கு நின்ற பேச்சு. என்னிடம் பேசுகிறார், நான் ஊருக்கு வந்தால் வானதியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பெல்லாம் சுற்றுகிறார். ஆனால் உங்களிடம் ஒரு சொல் இல்லை. என் வீட்டுப் படியை இன்றுவரை மிதிக்கவும் இல்லை. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், அம்மா. ஆனால் என் சந்தோஷத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்கிற நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டுப் போனதில்லை.

நீங்களே முதலில் வாயைத் திறந்துவிடுங்களேன்.

காளியம்மாள் போன் செய்தாள். மாடுகள் சௌக்கியமாம். "எனக்கும் வாய்க்கு லீவு கெடச்சுதுடி எல்சி" என்கிறாள்.

உங்கள் அன்பு மகள்
எல்சி

*

புதுச்சேரி
20.2.2025

அன்பு மகள் எல்சிக்கு,

நான் ஏன் முதலில் பேச வேண்டும்? பெற்ற மகளின் கல்யாணத்துக்குப் போனேன். அது குற்றம் என்றால் இன்னும் ஒன்பது வருஷம் அனுபவித்துவிட்டுப் போகிறேன்.

மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நாற்பதுக்கு மேல் ஓட்ட மாட்டேன் என்கிறார். லாரி, டிராக்டர் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயிற்று. எங்கே வயல் தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, அந்த ஊர்க்காரரிடம் உளுந்து எப்போது விதைத்தீர்கள் என்று விசாரணை. கடலைப் பார்க்க வந்த மனுஷர்.

கடலையும் பார்த்தார், இல்லை என்று சொல்ல முடியாது. இங்கே கரையில் பையன்களும் பெண்களும் நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய், அலை வந்ததும் அதன்மேல் ஏறி நின்று வருகிறார்கள். விழுகிறார்கள், திரும்பப் போகிறார்கள். அப்பா சாயங்காலம் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். அறுவடை முடிந்த மனுஷர் முகத்தில் ஒரு தெளிவு வருமே, அது இருந்தது. எனக்கு ஒரு சுண்டல் பொட்டலம் வாங்கி வந்து, கொடுக்காமல் பக்கத்தில் வைத்தார்.

எடுத்துத் தின்றேன்.

அம்மா

*

கோவளம்
22.2.2025, சனி

என் கண்ணே எல்சி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பயப்படாதே, நல்ல செய்திதான்.

காலையில் இங்கேயும் கரைக்குப் போனோம். பலகை விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற மீனவப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, முழங்கால் தண்ணிதான், படுத்துப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்தேன். நடவு வயலில் நாற்று முடியைத் தள்ளுகிற மாதிரி என்னை ஒரு தள்ளு தள்ளினாள். அலை தூக்கிக்கொண்டு போய்க் கரையில் போட்டது. அறுபத்திரண்டு வயதில் இப்படிச் சிரிப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

எழுந்து பார்த்தால் அப்பா மணலில் தனியாக நிற்கிறார். இந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, எல்சி. ரோஷமெல்லாம் எங்கே போனதோ, "என்னங்க, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தபடியே, "இப்படி அன்னைக்கும் ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றார்.

"என்னைக்கு?"

"எல்சி கல்யாணத்தன்னைக்கு. மொத நாள் வரலைன்னு கத்தினேன்தான். கோவத்துல சொல்றதுதானே. காலையில குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, உள் ரூம்ல உக்காந்திருந்தேன். கெளம்பும்போது நீ வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். வாசல் கேட்டைச் சாத்துற சத்தம்தான் கேட்டுச்சு."

நான் அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனவள். அவர் விழித்தால் சண்டை வரும், நல்ல நாளில் எதற்கு என்று. "நீங்க தூங்குறீங்கன்னு நெனச்சேங்க" என்றேன்.

"பொண்ணு கல்யாணத்தன்னைக்கு எவன் தூங்குவான்?"

நம் பக்கத்தில் பங்காளி வீட்டு விசேஷத்துக்கே பத்திரிகை வைத்த பிறகும் இன்னொரு தரம் நேரில் அழைத்தால்தானே ஆள் வருவார்கள்? நானே எத்தனை வீட்டில் அப்படி அழைத்திருக்கிறேன். கட்டின புருஷனுக்கு அது வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வரவில்லை என்றார், அப்படியே எடுத்துக்கொண்டேன். உன்மேலும் மாப்பிள்ளைமேலும் உள்ள கோபத்தை என்னிடம் காட்டுகிறார் என்று ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். அவருக்குக் கோபம் என்மேல்தான். உன்மேல் எதுவுமே இல்லை.

தண்ணீரில் நின்றே அழுதேன். அவரும் அழுதார். அந்தப் பெண் பயந்துபோய் எங்காவது அடிபட்டதா என்று கேட்டாள்.

உன் வீட்டுக்கு ஏன் போகவில்லை என்றும் கேட்டேன். "சம்பந்தி வீடாச்சே, மாப்பிள்ளை கூப்பிடாம நானா எப்படிப் போறது?" என்கிறார்.

மேப் பெண்ணை அணைத்துவிட்டோம்.

அம்மா

*

கும்பகோணம்
23.2.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுவது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நேற்றுப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். வானதி ஓடிவந்து அவள் பங்குக்கு அழுதாள். மனசு இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்பா, நாங்கள் உங்களைக் கூப்பிடவே இல்லை என்பது உண்மை. கூப்பிட்டு நீங்கள் மறுத்துவிட்டால் தாங்க முடியாது என்று நானும் அவரும் சும்மா இருந்துவிட்டோம். எங்களை மன்னித்துவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தவக்காலம் தொடங்குமுன் உங்களுக்கு ஆட்டுக்கறி சமைத்துப் போட வேண்டும். இது முதல் அழைப்பு. இரண்டாவதாக ராஜராஜன் போனில் கூப்பிடுவார். அதற்கும் வரவில்லை என்றால் மூன்று பேரும் கீழ்வேளூருக்கே வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்போம்.

உங்கள் அன்பு மகள்
எல்சி

*

மாமல்லபுரம்
23.2.2025

எல்சிக்கு அப்பா எழுதுவது.

முதல் அழைப்பே போதும். மாப்பிள்ளையை அலைய வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை வரை எதற்கு, சனிக்கிழமையே வருகிறோம். அம்மாவும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

மரியஅந்தோணி