தெரியலக்கா என்றேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டு வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம்தான்.

போன வாரப் புயலைச் செய்தியில் பார்த்துப் பதறியிருப்பீர்கள். என் அறையில் ஒரு ஜன்னல் கண்ணாடிதான் உடைந்தது, கவலைப்படாதீர்கள்.

ஆனால் புயல் தெற்கே திரும்பும் என்று வானிலை ஆபீஸில் நான் போட்ட கணக்கு அன்று காலையிலேயே காட்டியது. "போன வருஷமும் இப்படித்தான் ஊரையே காலி பண்ண வச்சே, ஒரு தூறல்கூட விழல. சாயங்காலம் வரைக்கும் எச்சரிக்கை விடாம பொறும்மா" என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மதியமே புயல் திரும்பிவிட்டது.

கீழ்வீட்டு அக்காவின் கணவர் அன்று தெற்குத் துறைமுகத்தில் படகைக் கட்டிவைக்கப் போனவர், இன்னும் வரவில்லை. நேற்று அக்கா கேட்டார்: "நீ வானிலை ஆபீஸ்லதானே இருக்கே? முன்னாடியே தெரியலையாம்மா?"

"தெரியலக்கா" என்றேன். பதினோரு வருடமாகப் புயலைத்தான் படிக்கிறேன், அப்பா. அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள், புதிது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள்.

அக்கா படியேறி வரும் சத்தம் கேட்கிறது. இன்று உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். கதவைத் திறக்க வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்