குப்பையில் கிடத்தி வைத்த பேர்

அண்ணா,

இன்று காலை தபாலில் உன் வாக்காளர் அட்டை வந்தது. பளபளப்பான புது அட்டை. படம் உன்னுடையது. பக்கத்தில் ஆதவன் என்று அச்சாகியிருக்கிறது. "ஆதவன் யாருங்க?" என்று தபால்காரர் வாசலில் நின்று கேட்டார். அம்மா அடுப்பருகில் இருந்தாள். திரும்பவில்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

உன் பேரைப் பற்றி உனக்கே எழுதுவது அபத்தம். ஆனால் நாம் அதைப் பேசிய போதெல்லாம் கேலியில்தான் முடிந்தது.

உனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள். ஒன்று பன்னிரண்டு நாள் இருந்தது. மற்றது நாலு மாதம். இரண்டுக்கும் அழகான பேர் வைத்திருந்தார்களாம். அம்மா அவற்றை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மூன்றாவது நீ. காலடிப்பேட்டை வீட்டின் பின்புறக் குப்பையில் உன்னை முறத்தோடு கிடத்தினாள். எதிர்வீட்டு பீவியம்மா, பேசி வைத்தபடி, கண்டெடுத்தவள் போல உன்னைத் தூக்கிப் போனாள். அம்மா ஒரு படி தவிடு கொடுத்து உன்னைத் திரும்ப வாங்கினாள். குப்பன் என்று பேர் வைத்தாள். சாவு நல்ல பிள்ளையைத் தேடித்தான் வரும், குப்பையைத் தொடாது.

நீ பிழைத்தாய். எட்டு வருடம் கழித்து நான் பிறந்தபோது வீட்டில் பயம் இல்லை. எனக்கு எழிலன் என்று வைத்தார்கள்.

நீ அலட்டிக்கொண்டதில்லை. ராயபுரத்தில் நீ வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் யாராவது கிண்டல் செய்தால், "குப்பன்னா இன்னா மாமு? கடைசீல எல்லாரும் அங்கதான போறோம்" என்பாய். அலட்டிக்கொண்டவன் நான்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நண்பர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சட்டையில் கிரீஸோடு நீ உள்ளே வந்தாய். "எங்கண்ணன், ஆதவன்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்த பேர். ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு அவர்களிடம், "ஆமாபா, ஆதவன். குந்துங்க, டீ வாங்கியாறேன்" என்றாய்.

அவர்கள் போன பின் திட்டியிருக்கலாம். முகம் கழுவிக்கொண்டே, "பேரு நல்லாத்தான் கீது. மாத்திக்கலாமா நைனா?" என்றாய். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மறுநாளே படிவம் கொண்டுவந்தேன்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தோம். நூலகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். பழைய பதிவேடுகளில் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று வரிசையாக வரும் பேர்கள். நம் ஆட்களை நல்ல பேர் வைக்க விடாத ஊர்கள். "இது நம்ம மேல எவனோ வச்ச பேரும்மா."

"எவன்டா வச்சான்? நான் வச்சேன்" என்றாள். "ரெண்ட மண்ணுல போட்டுட்டு நான் வச்சேன். மாத்துனீங்கோ, வூட்டுக்குள்ள வராதீங்கோ."

அதுவும் வரலாறுதான். புத்தகத்தில் இல்லாததால் நான் மதிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் மாற்றினோம். பழைய நோட்டில் பக்கம் பக்கமாக நீ புதுக் கையெழுத்து பழகினாய்.

கெஜட்டில் வந்து, ஆதார் மாறி, இரண்டாவது மாதம். யார்டில் ஒரு டிரெய்லர் லாரி பின்னோக்கி வந்தது. நீ பின்னால் நின்றாய்.

ஆஸ்பத்திரி நடையில் நானும் அம்மாவும் பீவியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. ஊழியர் ஒருவர் தாளோடு வந்தார்.

"ஆதவன் ஆளுங்க யாரு? பாடி வாங்கணும்."

"எந்தத் தாயி பெத்த புள்ளையோ" என்றாள் அம்மா. பிறகு பீவியம்மாவின் கையைப் பிடித்து மெல்ல, "நம்மளுது இல்ல" என்றாள். முகம் தளர்ந்தது. அந்த நிம்மதியை நான் பார்த்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடும்வரை அதை அவளிடமே விட்டுவைத்தேன். இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பயம்தான். பிறகு எழுந்தேன்.

"நீ ஏன்டா ஏந்துக்கிற?" என்றாள்.

சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "இத்தினி வருசம் ஒளிச்சி வச்சேன்டா" என்றாள். "நீ காட்டிக் குட்த்துட்ட."

மூலக்கொத்தளம் இடுகாட்டில், பதிவேட்டில் ஆதவன் என்று எழுதினார்கள். மண் தள்ளும்போது அவள் குப்பா என்று கூப்பிட்டாள்.

உன்னைக் கொன்றது பின்னால் ஆள் நிற்கிறானா என்று பார்க்காத அவசரம். எனக்குத் தெரியும். யாரிடம் வேண்டுமானாலும் நிரூபிப்பேன். அம்மாவிடம் முடியாது. இருட்டிய பிறகு என்னிடமும் முடிவதில்லை.

ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். போன வாரம் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"குப்பா, துன்னு."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தி பேதலிக்கவில்லை, ரேஷன் கடையில் என் பேரை எழிலன் என்று சரியாகத்தான் சொல்கிறாள். பீவியம்மாவிடம் அவள் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது: "மிச்சம் ஒண்ணுதான கீது."

தண்டனையா, காவலா என்று நான் கேட்கவில்லை.

நேற்று பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன் போல. தெருமுனையிலிருந்து அதைத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "டேய் குப்பா!" நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள்.

"தோ வரேம்மா" என்று கத்தினேன்.