அடைத்து வைத்த பச்சைக் குழிகள்

அன்பு மகள் கிராசிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளா வேளைக்குப் பசித்து, வேளா வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் காய்ச்சல் சளி இல்லாமல் சூடாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் உன் தீவில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அரை வார்த்தைதான் உனக்கு வந்து சேருகிறது, இந்தச் சமாசாரத்தை அரை வார்த்தையாகக் கேட்டால் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், நடுவில் எழுந்து போனால் கையெழுத்து மாறும், கண்டுகொள்ளாதே.

ஆம்புலன்ஸ் இன்ஜின் படுத்துவிட்டது என்று போன தடவையே சொன்னேன் அல்லவா, அதற்கு இனி வைத்தியமே கிடையாது என்று மெக்கானிக்கான உன் அப்பாவே கைவிரித்துவிட்டார். புது வண்டிக்கு ஊர்க்காரர்கள் பன்னிரண்டாயிரம் டாலர் திரட்டித் திங்கட்கிழமைக்குள் கட்டினால் மீதியைக் கவுன்டி நிர்வாகம் போடும், இல்லாவிட்டால் நம் ஊர் ஆம்புலன்ஸையே மூடிவிட்டு அத்தனை தூரத்து எல்கோவிலிருந்து வண்டி அனுப்புவார்களாம். அங்கிருந்து வண்டி வந்து சேருவதற்குள் நெஞ்சுவலிக்காரன் என்ன ஆவான், நீயே சொல். உன் அப்பா ராத்திரி எத்தனை தடவை எழுந்து ஓடியிருப்பார் அந்த வண்டிக்காக, ஒரு காசு வாங்கியதில்லை. கவுன்டியிலிருந்து இப்படிக் கடிதம் வந்த அன்று மனிதர் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் புதிதாக வந்திருக்கிற ஃபாதர் கென்ட்ரிக், ஐயோவா மாநிலத்துக்காரர், பாவம் நல்ல மனிதர், கோயில் கூடத்தில் ஒரு விருந்து வைத்துப் பணம் திரட்டலாம் என்றார். விருந்தோடு ரூலெட் சக்கரச் சூதாட்டமும் வைக்கலாம் என்று சொன்னது நம்ம ஊர்க்காரர்கள்தான். ரயிலடி ஹோட்டலை இழுத்து மூடினார்களே, அந்தச் சாமான் ஏலத்தில் பழைய சக்கரத்தை ஊர் சார்பில் வாங்கி வைத்திருந்தோம், ஒரு நாளைக்கு ஆட அனுமதியும் கிடைத்துவிட்டது. இந்த ஊரில் அந்தச் சக்கரத்திடம் காசு விடாத குடும்பம் உண்டா? உன் தாத்தா மலையில் ஆடு மேய்த்துச் சம்பாதித்த கோடைக் கூலி முழுவதும் ஒரே ராத்திரியில் அதில்தான் போனது. அதிலும் அந்த இரண்டு பச்சைக் குழி, ஒற்றைப் பூஜ்யம், இரட்டைப் பூஜ்யம், அதன் மேல் ஊருக்கே வன்மம். உருண்டை அதில் விழுந்தால் சிவப்பில் வைத்தவனும் அம்போ, கறுப்பில் வைத்தவனும் அம்போ, எல்லாவற்றையும் ஹோட்டல்காரன் வாரிக்கொள்வான். சக்கரம் நம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கூட்டம் போட்டு, திருட்டுக் குழிகளை அடைத்துவிடுவது என்று ஏகமனதாக முடிவு செய்தோம், நானும்தான் கை தூக்கினேன், பொய் சொல்வானேன். உன் அப்பா மரத்தில் இரண்டு கட்டை செதுக்கி, பச்சைக் குழிகளில் அடித்து இறக்கி, இனிமே எவன் வயித்தெரிச்சலும் இதுல கிடையாதுன்னு சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு, சொரிசோ தொத்திறைச்சி, பீன்ஸ், சமையலறையைப் பிடித்துக்கொண்ட பெர்ல் செய்த ஆப்பிள் பை, சொன்னால் நாக்கில் நீர் ஊறும், உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. சாப்பாட்டிலும் ஆப்பிள் பை ஏலத்திலும் மட்டும் ஒன்பதாயிரம் சேர்ந்துவிட்டது, சக்கரம் ஒரு மூவாயிரம் கொடுத்தால் போதும் என்று எல்லாருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுச் சக்கரம் சுற்ற நின்றார், நான் பக்கத்தில் காசுக்குச் சில்லு கொடுத்து வாங்க உட்கார்ந்தேன். யார் வந்து முதல் ஆளாக மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தது என்று நினைக்கிறாய்? உன் லியோன் பெரியப்பா! எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். தாத்தா போனதும் உன் அப்பா தன் பங்கு ஆடுகளை விற்றுக் கராஜ் வைத்தாரே, அன்றைக்கு நின்ற பேச்சு, நீ அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இப்போதும் தம்பி ஒரு கை தூரத்தில் நிற்கிறார், அவர் என்னைப் பார்த்து, மரியான், உன் புருஷன்கிட்ட சொல்லு, பயந்தாங்கொள்ளி மாதிரி சுத்தாம ஒழுங்காச் சுத்தச் சொல்லுன்னு சொல்கிறார். உன் அப்பாவும் என்னைப் பார்த்தே, வந்தவரை ஒழுங்கா உக்காரச் சொல்லு, மேஜை ஆடுதுங்கிறார். நடுவில் நான் ஒருத்தி தபால்காரி.

ஆட்டம் சூடு பிடித்தது. எல்லாரும் ஜெயித்தார்கள், தோற்றார்கள், மறுபடி ஜெயித்தார்கள், கூடமே கூத்தாடியது. ஆனால் பெரியப்பா இருக்கிறாரே, 28, 2, 27, 1, இந்த நாலு எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வாரிச் சுருட்டினார். ஒரு சில்லு வைத்தால் முப்பத்தைந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும், நான் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு வேர்த்து வடிகிறது, காது சிவந்துவிட்டது, இந்தச் சட்டை ராசிடா, இனிமே இதைத் துவைக்கவே போறதில்லைன்னு பக்கத்திலிருந்தவன் முதுகில் ஓங்கி அறைகிறார். நான் பெட்டியைக் குனிந்து பார்த்தால் ஏறுவதற்குப் பதில் இறங்கிக்கொண்டே போகிறது! உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. என்னடி இது, ஹோட்டல்காரன் இதே சக்கரத்தை வச்சு மூணு மாடி கட்டினான், நம்மகிட்ட வந்ததும் நம்மையே திங்குதேன்னு காதைக் கடித்தார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, கிராசி. முப்பத்தெட்டுக் குழி. குழிக்கு ஒரு டாலர் வீதம் முப்பத்தெட்டு டாலர் வைத்தால் ஜெயித்த குழிக்கு, வைத்ததும் சேர்த்து, முப்பத்தாறுதான் திரும்பி வரும். அந்த இரண்டு டாலர்தான் ஹோட்டல்காரன் சாப்பாடு, அந்த இரண்டு டாலர்தான் மூன்று மாடி. டாலருக்கு ஐந்து சென்ட், அவ்வளவுதான், அதையே விடாமல் தின்று தின்று கொழுத்தான். பச்சையை அடைத்தோமே, அப்புறம் முப்பத்தாறு உள்ளே வந்தால் முப்பத்தாறும் வெளியே போகும், ஆட்டம் வைத்தவன் வாயில் காற்றுதான். இன்றைக்கு ஆட்டம் வைத்தவர்கள் யார்? நாம்! திருடன் வீட்டை நாம் வாங்கிவிட்டோம் என்பதையே மறந்து கதவை ஆணி அடித்து வைத்திருக்கிறோம். இது போதாதென்று உருண்டையை உற்றுப் பார்த்தேன், அது உன் அப்பாவின் கட்டையில் மோதும்போதெல்லாம் உள்ளே போக வழியில்லாமல் துள்ளிப் பக்கத்துக் குழியில் விழுகிறது. ஒரு பச்சைக்குப் பக்கத்தில் 28, 2. இன்னொரு பச்சைக்குப் பக்கத்தில் 27, 1. ராசியாம் ராசி! நிறுத்துங்கள் என்று நான் கத்திய கத்தலில் சமையலறையிலிருந்து பெர்ல் கரண்டியோடு ஓடி வந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் சக்கரத்தைச் சுற்றி வந்து கட்டையைக் குனிந்து பார்த்தார்கள். பெரியப்பாதான் துள்ளி எழுந்தார். அறுபது வருஷத்துல இன்னைக்குத்தான் ஜெயிக்கிறேன், அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையான்னு அவர் கேட்ட குரலில் எனக்கே பாவமாகப் போய்விட்டது, அவர் ஏமாற்றவில்லை, அவருக்குக் கட்டையும் தெரியாது ஒன்றும் தெரியாது. ஃபாதர் மெதுவாக எழுந்து, அன்பானவங்களே, எதுக்கு இந்த ஆட்டமெல்லாம், ஜெயிச்சதை அவங்கவங்க நன்கொடையாத் திருப்பிக் குடுத்துட்டா முடிஞ்சுதேன்னாரே பார்க்கலாம், அடேயப்பா, கூடமே சீறியது. உன் அப்பாவைக் காட்டி, தர்மம் வாங்கற அளவுக்கு ஆர்னோ வண்டி கேவலமாப் போச்சான்னு ஒருத்தன், ஜெயிச்சதைத் திருப்பிக் குடுத்தா எங்க அப்பன் கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து அறைவான்னு ஒருத்தன். கடைசியில் பெர்ல்தான் கரண்டியைத் தூக்கி, ஏய், குடுக்கவும் மாட்டீங்க, ஜெயிக்கவும் கூடாதுன்னா கட்டையைப் புடுங்குங்கடா, மரியாதையா ஆடித் தோத்துட்டுப் போங்கன்னாள். கை தூக்கச் சொன்னார்கள். பச்சைக் குழியைத் திறக்கச் சொல்லி, தங்கள் காசைத் தாங்களே தின்னச் சொல்லி, நம்ம ஊர் கை தூக்கியது, பெரியப்பா ஒருத்தரைத் தவிர. உன் அப்பா இடுக்கி எடுத்து வந்து கட்டைகளைப் பிடுங்கினார், கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அதன் பிறகு நடந்த ஆட்டம் போல இந்தப் பூமியில் எங்கேயும் நடந்திருக்காது. உருண்டை பச்சைக்குப் பக்கத்தில் போனாலே எல்லாரும் எழுந்து விழு விழு என்று கத்துகிறார்கள், தன் காசு போக வேண்டும் என்று! ஒரு தடவை விழுந்தே விட்டது, இருபது டாலர் விட்டவன் பெண்டாட்டியைக் கட்டிப்பிடித்து ஆடினான். ஆனால் டாலருக்கு ஐந்து சென்ட் எவ்வளவு மெதுவாக வரும் தெரியுமா, பெட்டி கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். இப்படியே ஆடினால் ஈஸ்டர் வரைக்கும் உட்கார வேண்டும். அப்போது பெரியப்பா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தார். தன் சில்லு மொத்தத்தையும், இரண்டாயிரம், சிவப்பில் தள்ளினார். கோபத்தில் நம்மை மொட்டையடிக்கத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சுற்றினால், சிவப்பு! கூடம் முழுக்க ஐயோ என்றது, ஜெயித்த மனிதர் சனியனே என்று சக்கரத்தைத் திட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மரியான், இன்னும் எவ்வளவு குறையுதுன்னு கேட்டார். அவருக்குக் கொடுக்க வேண்டிய நாலாயிரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆறாயிரத்து ஐந்நூறு என்றேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நாலாயிரத்துச் சில்லையும் மறுபடி சிவப்பில் வைத்தார். அப்புறம் கோட்டுக்குள் கையை விட்டு, ஆட்டுக்குட்டிகள் விற்ற பணம், எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணி, இரண்டாயிரத்து ஐந்நூறை அதன் மேல் வைத்தார். ஃபாதர் ஓடி வந்து, லியோன், இதை அப்படியே தம்பிகிட்ட குடுத்துடுங்களேன், சிவப்பு வந்தா இவங்ககிட்ட ஒண்ணுமே மிஞ்சாதேன்னு கெஞ்சினார். அதற்கு உன் பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவனுக்கு ஒத்தை டாலர் குடுக்க மாட்டேன்னு எங்கப்பா கல்லறையில சத்தியம் பண்ணியிருக்கேன் ஃபாதர், தோக்க மாட்டேன்னு எந்தச் சத்தியமும் பண்ணலை.

இந்தப் பந்தயத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது உன் அப்பா. சிவப்பு பதினெட்டுக் குழி, அவருக்கு. கறுப்பு பதினெட்டு, பச்சை இரண்டு, நமக்கு. வெறும் இரண்டு குழிதான் வித்தியாசம், அதை நம்பி ஊர் வண்டியையே வைப்பதா? வேண்டாங்க என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். சக்கரத்தைச் சுழற்றி உருண்டையை விட்டார். கூடம் முழுக்க உருண்டை ஓடுகிற சத்தம் மட்டும்தான், கிராசி. வேகம் குறைந்தது, ஒரு சிவப்பில் போய் உட்கார்ந்தது, பெர்ல் வீறிட்டாள், உட்கார்ந்தது மறுபடி துள்ளி, ஒரு கறுப்பைத் தாண்டி, இரட்டைப் பூஜ்யத்தில் விழுந்து அசையாமல் நின்றது. பச்சை! கறுப்பில் விழுந்திருந்தாலும் பணம் வந்திருக்கும்தான், ஆனால் பச்சை! மேஜை மேல் ஏறிக் குதித்தார்கள், ஃபாதரைத் தூக்கிச் சுற்றினார்கள், நான் யார் யாரையோ முத்தமிட்டேன்.

உன் அப்பா மட்டும் அப்படியே நின்றார், அந்தப் பணத்தை எடுக்கக் கை வரவில்லை. பெரியப்பா மேஜை மேல் குனிந்து, என்னைப் பார்த்து இல்லை, தம்பியைப் பார்த்து, என்னடா பாக்கற, அள்ளு, நான் நியாயமாத் தோத்திருக்கேன்னார். உன் அப்பா, அண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னதுமே உடைந்து அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை பணம் கட்டியாகிவிட்டது, வண்டி அடுத்த மாதம் வருகிறது. நேற்று பெரியப்பா வீட்டுக்கு வந்து உன் அப்பாவோடு கராஜில் நின்று புது வண்டியை எங்கே நிறுத்துவது என்று கத்திச் சண்டை போட்டார், நேரடியாக, எனக்குத் தபால் வேலை போய்விட்டது. கிளம்பும்போது கிராசி எப்படி இருக்காடான்னு உன் அப்பாவிடம்தான் கேட்டார். அதனால் அம்மா சொல்கிறேன், சோம்பல் படாமல் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, நன்றி என்றும் எழுதிவிடாதே, கொடுத்ததாக ஆகிவிடும், கோபித்துக்கொள்வார். குளிரில் தலையை மூடிக்கொள், வேலை முடிந்ததும் நன்றாகச் சாப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருந்து உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு, கண்ணு.

உன் அம்மா,
மரியான்
(அப்பா பக்கத்தில் நின்று முத்தம் போடச் சொல்கிறார், போட்டாகிவிட்டது.)