சிரிஞ்சில் வந்த சேனை

என் ஒற்றை மருமகளே, தாராவி ராஜ்ஜியத்தின் மகாராணியே,

பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாய். அதனால் பட்டத்தைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஏழாம் மாதத்திலேயே நீ பிறந்துவிட்டாய் என்று கேட்டதும் தேன் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிறந்ததும் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்கிறவனின் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது நம் திருநெல்வேலிச் சனத்தின் சட்டம். என் வாய் உனக்கும் வாய்த்தால் பம்பாய் தாங்குமா என்று கவலை வேறு.

நீ கண்ணாடிப் பெட்டியில் கிடந்த அறை வாசலிலேயே மராட்டி சிஸ்டர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். “ஷஹத் நஹி, மாமா! மா கா தூத் லாவ்!” தேன் கூடாதாம். தாய்ப்பால்தானாம், ஒரு சொட்டானாலும்.

மாடி வார்டில் தையல் வலியோடு உன் அம்மா பிழிந்து பிழிந்து சிரிஞ்சின் அடியை மட்டும் நனைத்தாள். மஞ்சளாக, நெய் போல.

“இவ்வளவுதாண்ணே வருது.”

“ஏட்டி, இது உருக்கின பொன்னு. குடம் குடமாவா வரும்?”

இரு கைகளிலும் ஏந்திப் படியிறங்கினேன். “ஹட்டோ, ஹட்டோ! ராணி கா கானா!” ராணிக்குச் சாப்பாடு என்றதும் வராண்டாவே வழிவிட்டது. சிஸ்டர் பஞ்சில் தொட்டு உன் உதட்டில் வைத்தார். நீ சப்புக்கொட்டினாய். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

வாரம் திரும்புவதற்குள் உன் மூச்சு நின்றது. கப்பல் வேலையிலிருந்த உன் அப்பாவால் அதற்குள் ஊர் வந்து சேர முடியவில்லை.

பால் அதற்குப் பிறகுதான் பெருகியது. நீ இல்லை என்று அதனிடம் யார் போய்ச் சொல்வது? மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்றார் பக்கத்து வீட்டு அத்தை. மாட்டுங்கா பூக்கடைகளையே காலி செய்தவன் போல ஒரு பை நிறைய வாங்கி வந்தேன்.

உன் அம்மா பையைத் திறக்கவே இல்லை.

“வேண்டாம்ணே. அவ கெடந்த ரூம்ல இன்னும் பிள்ளைங்க கெடக்கு. சிலதுக்குத் தாய்ப்பாலே இல்லையாம். நாம கொடுத்தா சோதிச்சு, காய்ச்சி, அதுகளுக்குக் குடுப்பாங்களாம்.”

“வலிக்கலையாட்டி?”

“கட்டினாத்தாண்ணே வலிக்கும்.”

பூப்பையை ஓரமாக வைத்துவிட்டு அவள் செருப்பை எடுத்து வாசலில் போட்டேன்.

இப்போது தினமும் அவளை அங்கே கூட்டிப்போகிறேன். பால் எடுக்கும் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது, “பிள்ளை வீட்டுலயா?” என்று யாராவது கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

நேற்று வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கொறையுதுண்ணே” என்றாள். நீ அவளிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதுவும் கிளம்பிக்கொண்டிருக்கிறது.

கடைசிச் சொட்டு வரை கூட்டிப்போவேன், மருமகளே. அதற்கு மறுநாளும் அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், ஏன் என்று கேட்காமல் கூட்டிப்போவேன்.

உன்னால் தாய்மாமன் ஆன,
முத்துராஜ்