மேஸ்திரிப் புறாவும் அமாவாசைச் சோறும்

என் அன்பான நைனாவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் வருமோ என்னவோ, எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன். உன்னைத் திட்ட வேண்டும். அம்மாவின் காதில் விழும்படி திட்டினால் அவள் அழுதுவிடுகிறாள்.

உன் புறாக்களோடு என்னால் குடித்தனம் நடத்த முடியவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வரும்போது, வேகனடியில் சிந்திய தானியத்தைக் கூட்டித் துண்டில் முடிந்துகொண்டு வருவாய். மறுநாள் காலையில் சமையல்கட்டுக் கூரை ஷீட்டின்மேல் ஏறி இறைப்பாய். அந்த முப்பது புறாக்களும் அப்படியே இருக்கின்றன. நீதான் இல்லை.

அவற்றுக்குப் பயம் என்பதே கிடையாது. கையை ஓங்கினால் ஒரு அடி தள்ளி உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கின்றன. ரேஷன் அரிசியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கினால், அம்மாவின் முழங்கைக்குக் கீழே புகுந்து கொத்துகின்றன. பரணில் உன் டிபன் கேரியருக்குப் பக்கத்தில் துடைப்பக் குச்சியை அடுக்கி முட்டை வைத்திருக்கின்றன. போன வாரம் கம்பெனிக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியதும் தோளில் சொத்தென்று விழுந்தது. அந்தக் கறையோடுதான் அன்றைக்கு முழுவதும் டைப் அடித்தேன்.

ஒரு விரல் இல்லாத அந்தச் சாம்பல் புறா ஞாபகம் இருக்கிறதா? கூட்ஸ் ஷெட் மேஸ்திரியைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது என்று அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் இன்னும் ஐந்தையும் கூடையைக் கவிழ்த்துப் பிடித்து, துணியால் கூடையின் வாயைக் கட்டி, திருவள்ளூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கோழியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கோயில் குளத்தங்கரையில் திறந்துவிட்டேன். கோபுரத்தில் இருக்கும் புறாக்களோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பஸ் மாறி, நின்று, நசுங்கி நான் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஷீட்டின்மேல் மேஸ்திரி உலாத்திக்கொண்டிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் நைனா. அமாவாசையைத்தான் பொறுக்க முடியவில்லை.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அம்மா உனக்குச் சமைக்கிறாள். உச்சிப்பொழுதில் இலைத்துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்துப் பின்பக்கச் சுவர்மேல் வைக்கிறாள். காக்கை வந்து எடுத்தால்தான் நீ சாப்பிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள். ஆனால் காக்கை வருவதற்குள் உன் முப்பது பேரும் இறங்கி இலையை வழித்துவிடுகிறார்கள். மறுபடி வைத்தால் மறுபடியும் அதே கதைதான். அவளுக்குச் சர்க்கரை இருப்பதும், வேளைக்குச் சாப்பிடச் சொல்லி டாக்டர் கண்டித்ததும் உனக்குத் தெரியாததா?

மூன்றாவது அமாவாசைக்கு மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நான் பின்பக்கம் போய்வந்து, காக்கை எடுத்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"காக்கா தனியா துன்னாதுடி. கத்தி நாலு பேரைக் கூப்புடும். ஒரு சத்தமும் கேக்கலையே."

அன்றிலிருந்து என் பேச்சை அவள் நம்புவதில்லை. தானே போய் வெயிலில் சுவரோரம் குச்சியோடு காவல் உட்கார்ந்தாள். போன அமாவாசையன்று அங்கேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது, தலைக்குமேலே உன் புறாக்கள் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றின்மேல் வந்ததைவிட உன்மேல்தான் கோபம் வந்தது.

ஏன் ஏறினாய் நைனா? விடிய விடிய மழை. ஷீட் முழுக்கப் பாசி. வேண்டாம் என்று நான் சொன்னேனா இல்லையா? "நேத்துலேர்ந்து பட்டினியா கீதும்மா அதுங்க," என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றே, இந்தக் கூட்டத்துக்கு இனி ஒரு மணி தானியம் கிடையாது என்று முடிவு செய்தேன். ஐந்து மாதமாகப் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது, அவற்றையெல்லாம் விஷம் வைத்துத் தீர்த்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"காலைல ரெண்டு பிடி போட்டிருந்தா, மத்தியானம் அவரு சோத்துல அதுங்க ஏன் வாய வெக்குது? பட்டினியும் போட்டுட்டு, திருடுதுன்னு வேற சொல்றியே."

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நீ இருந்தபோது தாத்தாவுக்கு இதே சுவரில்தான் அம்மா சோறு வைப்பாள். ஒரு புறாகூட எட்டிப் பார்த்ததில்லை. காலையிலேயே உன் கையால் வயிறு நிறைந்திருக்கும். டைப்பும் சுருக்கெழுத்தும் படித்த எனக்கு ஐந்து மாதமாக இது தோன்றவில்லை. என் வீம்புக்கு அம்மா பட்டினி கிடந்திருக்கிறாள். நீயும்தானே?

அதற்காக உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. எங்களைவிடவா அந்த முப்பதும் உனக்குப் பெரிதாகப் போயிற்று?

நாளைக்கு அமாவாசை. ரைஸ் மில்லிலிருந்து நொய் வாங்கி வைத்திருக்கிறேன். விடிந்ததும் வாசல் பக்கம், தரையில் நின்றுதான் போடுவேன். ஏணியை விறகுக்கு உடைத்தாகிவிட்டது. இனி இந்த வீட்டில் யாரும் அந்த ஷீட்டின்மேல் ஏறமாட்டோம். ஆனால் தினமும் போடுவேன், மேஸ்திரிக்கும் சேர்த்து. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீயும் ஒரு வாக்குக் கொடு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடு. வந்ததும் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி நன்றாகச் சத்தமாகக் கத்து.

காலையில் நொய்ப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கப்போகும்,
உன் மூத்த பெண்
தனம்